ஏபி மதிப்பெண்: எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பது தவறு

ஏபி என்பது அமெரிக்கப் பள்ளிகளில் எடுக்கும் கல்லூரி அளவிலான பாடங்கள்; அவற்றுக்குக் காலேஜ் போர்டு என்ற அமைப்பு தேர்வு நடத்தி 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும். காமன் ஆப் என்பது பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் தளம். ஒருவர், "எழுதிய ஏபி தேர்வு எல்லாவற்றின் மதிப்பெண்ணையும் காமன் ஆப்பில் போட்டே ஆக வேண்டும், மறைத்தால் பொய் சொன்னதாக ஆகும், எப்படியும் காலேஜ் போர்டே கல்லூரிக்கு அனுப்பிவிடும்" என்று எழுதியிருக்கிறார். இதை நம்பி பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள்.

காமன் ஆப்பில் அந்தப் பகுதி விருப்பத்துக்கு விடப்பட்டது. 5, 4 வாங்கியதைப் போட்டுவிட்டு 2 வாங்கியதை விட்டுவிடலாம், அது பொய்யில்லை. ஆனால் பாடம் பள்ளி டிரான்ஸ்கிரிப்ட்டில் (படித்த பாடங்களின் பட்டியலில்) இருக்கும், அதனால் படித்ததே தெரியாது என்று நினைக்க வேண்டாம். 3 வந்தால்? அந்தக் கல்லூரியையும் பாடத்தையும் பொறுத்தது.

காலேஜ் போர்டு தானாக அனுப்பாது, மாணவர் கேட்டால்தான் அனுப்பும். அப்படிக் கேட்கும்போதுதான் கவனம் தேவை, ஏனென்றால் அதிகாரபூர்வ அறிக்கையில் எல்லா வருட மதிப்பெண்ணும் சேர்ந்தே போகும், ஒன்றை மட்டும் நிறுத்திவைக்க ஒரு கல்லூரிக்கு 10 டாலர் கட்ட வேண்டும். பெரும்பாலும் கல்லூரியில் சேர்ந்த பிறகு கிரெடிட்டுக்காகத்தான், அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரிப் படிப்பில் கணக்கில் சேர்க்கத்தான், இந்த அறிக்கை தேவைப்படும். 12ஆம் வகுப்பில் எழுதும் ஏபி தேர்வோ மே மாதம், முடிவு ஜூலையில்; அட்மிஷன் முடிவுகள் பெரும்பாலும் மார்ச் கடைசிக்குள் வந்துவிடும், அதனால் அந்த மதிப்பெண் அட்மிஷனுக்குப் பிறகுதான் வரும்.

விதிவிலக்கும் உண்டு. யேல் பல்கலைக்கழகம் 2024இல் அறிவித்த முறையில் எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக ஏபியைக் காட்டினால், அதுவரை எழுதிய எல்லா ஏபி முடிவுகளையும் தர வேண்டும். அதனால் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் அவர்கள் விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்டு வேண்டாம்.