“எல்லாம் ஒண்டுதான் தம்பி”

ஒரே எஞ்சினை ஒரே காருக்குள் இரண்டாவது தடவையாக நேற்று ஏற்றி முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். விரல் மொழி நாலும் உரிந்துபோய்க் கிடக்கிறது. நகத்துக்குள் ஏறிய கிரீஸ் சவர்க்காரத்துக்கும் போகவில்லை, சீனி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அது பரவாயில்லை. வேலை செய்தால் வலிக்கத்தான் செய்யும். எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. இந்த இரண்டாவது தடவைக்குத் தேவையே இருக்கவில்லை. கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் “தெரியாது தம்பி” என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் சொன்னது “எல்லாம் ஒண்டுதான் தம்பி”.

கார் 1969ஆம் ஆண்டு வொக்ஸ்வேகன் கர்மான் கியா. பெரியப்பா வைத்திருந்தது. பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கார், உள்ளே அதே கம்பனியின் பீட்டில் காரின் எலும்பு. காற்றில் குளிர்கிற நாலு சிலிண்டர் எஞ்சின், 1500 சிசி, பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருக்கிற ஒயில் சீல் தேய்ந்து, ஒயில் கிளச்சுக்குள் இறங்கிவிட்டது. தெஹிவளைப் பாலத்தில் ஏறும்போது அக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. அந்தச் சீல் சின்ன ரப்பர் வளையம்தான். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் எஞ்சின் முழுவதும் கீழே இறங்க வேண்டும். இறக்கினேன். சீலை மறைத்து நிற்கிற கனச் சக்கரமான ஃபிளைவீலைக் கழற்ற 36 மிமீ சொக்கட்டும் ஆளுயரக் குழாயும் கடன் வாங்கினேன். சீல் மாற்றினேன். கையோடு கிளச்சையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்று பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

கையில் பழைய பிரெஷர் பிளேட்டை, அதாவது கிளச்சை ஃபிளைவீலோடு அமத்திப் பிடிக்கிற தட்டை, கொண்டுதான் போனேன். அதன் நடுவில், விரல் விரலாக நிற்கிற ஸ்பிரிங்கின் மேல், ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. கடைக்காரர் எடுத்துத் தந்த புதிய தட்டில் அது இல்லை. கேட்டேன். “அண்ணன், இந்த நடு வளையம் இதில இல்லையே?” அவர் தட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “இப்ப வாறது எல்லாம் இப்பிடித்தான். வொக்ஸ்வேகன் எண்டா எல்லாம் ஒண்டுதான் தம்பி. 200 மில்லிமீட்டர் தானே? பூட்டுங்க, பிழைச்சா கொண்டு வாங்க.” முப்பது வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் என்று சொன்னார்கள். 18,500 ரூபாய் கொடுத்தேன்.

ஒன்று இல்லை. ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை. 1971 மொடலில் இருந்து அந்தக் கியர்பொக்ஸில் ஒரு வழிகாட்டிக் குழாய் வந்தது. கிளச்சை மிதிக்கும்போது தட்டை அமத்துகிற ரிலீஸ் பெயாரிங் அந்தக் குழாயின் மேல் நேராக ஓடி, ஸ்பிரிங் விரல்களின் நுனியைச் சரியாக நடுவில் போய் அமத்தும். அதனால் வளையம் தேவையில்லை. அதற்கு முந்திய கியர்பொக்ஸில் குழாய் கிடையாது. பெயாரிங் இரண்டு கிளிப்பில் சும்மா தொங்குகிறது. அது அமத்துவதற்குத்தான் தட்டின் நடுவில் அந்த வளையம். பழைய கியர்பொக்ஸுக்குப் புதிய தட்டைப் போட்டால் பெயாரிங் நடுவில் நிற்காது, ஓரத்துக்கு விலகி விரல் நுனிகளையே அரைக்கும். ஆனால் ஆறு போல்ட்டும் ஃபிளைவீலில் அழகாக இருந்துவிடும். இது என்ன கொடுமை பாருங்கள். பொருந்தாத சாமான் பொருந்தாமலே போனால் அன்றைக்கே திரும்பிப் போயிருப்பேன். இது பொருந்துகிறது. பூட்டி, ஏற்றி, முறுக்கி, ஒயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணின பிறகுதான் வாயைத் திறக்கிறது.

வீட்டில் எஞ்சின் ஏற்றுவது என்றால் என்னவென்று தெரியாதவர்கள்தான் சும்மா வாய் விடுகிறார்கள். எனக்கு வருகிற ஆத்திரத்தில் பாதி அவர்கள் மேலும்தான். “நாலு போல்ட் தானே மச்சான்” என்று எத்தனை பேர் சொன்னார்கள். ஓம், எஞ்சினைக் கியர்பொக்ஸோடு பிடிப்பது நாலுதான். மேலே இரண்டு போல்ட், கீழே இரண்டு ஸ்டட். ஆனால் அந்த நாலுக்கு நடுவில் 110 கிலோ அளவில் ஒரு எஞ்சின் தொங்குகிறதே, அதை யார் பிடிப்பது? வெள்ளவத்தையில் எங்கள் போர்ட்டிக்கோ ஒரு கார் நிற்கிற இடம், அவ்வளவுதான். நிலம் டைல்ஸ். அதில் ஸ்டாண்ட் வழுக்கும் என்பதால் கீழே பலகை போட்டேன். எஞ்சின் அடியால் உள்ளே போக வேண்டும், அதனால் காரின் பின்பக்கம் மூன்று அடி உயரத்துக்கு ஏற வேண்டும். அந்த உயரத்தில் நிற்கிற காருக்குக் கீழே படுத்திருக்கிறவனின் மனம் என்ன பாடுபடும் என்று “நாலு போல்ட்” என்கிறவர்கள் ஒரு நாள் படுத்துப் பார்க்க வேண்டும்.

ஜாக்கில் எஞ்சினை ஏற்றினோம். நானும் என் மச்சானும். கியர்பொக்ஸில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தண்டு, பிரெஷர் பிளேட்டுக்குள் இருக்கிற கிளச் டிஸ்க்கின் பற்களுக்குள் நுழைந்து, அதைத் தாண்டி ஃபிளைவீலின் நடுவிலுள்ள சின்ன ஊசி பெயாரிங்குக்குள்ளும் போய் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் உயரம் கூடினாலும் போகாது. சாய்ந்தாலும் போகாது. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் உள்ள நீக்கலை மேலேயும் கீழேயும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மேலே ஒரு விரல் போகிறது, கீழே அரை விரல்தான் போகிறது என்றால் ஜாக்கை ஏற்று. ஏற்றினால் இப்போது கீழே கூடுதல். ஏற்று. மச்சான் பின்னால் நின்று கப்பியை ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுகிறான், நான் கீழே கிடந்து தள்ளுகிறேன். வியர்வை கண்ணுக்குள் ஓடுகிறது, துடைக்கக் கையில்லை. இந்த நேரத்தில்தான் யாராவது வந்து, நட்டைப் போட்டு இறுக்கினால் தானாக உள்ளே வரும் என்பார்கள். வரும். வரும்போது கிளச் டிஸ்க்கின் நடுப்பகுதியையும் வளைத்துக்கொண்டு வரும். கையால் தள்ளி, இரண்டு முகமும் ஒட்டிய பிறகுதான் நட்டுக்கு வேலை. ஒன்றரை மணித்தியாலம் தள்ளினோம். கடைசியில் ஒரு “டொக்”. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

பிறகு மேல் போல்ட் இரண்டு. வலது பக்கத்துப் போல்ட் ஸ்டார்ட்டரையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதன் நட் காற்றாடிக் கூட்டுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத இடத்தில். மேலிருந்து முழங்கை வரை கையை விட்டு, தடவி, 17 ஸ்பானரைப் பிடித்துத் திருப்பினால், தகரம் இடிக்கிறது. எடு, மறுபடி வை, திருப்பு. விரல் மொழி உரிந்தது அங்கேதான். மற்றப் பக்கத்தில் கீழே இருப்பவர் போல்ட்டின் தலையைப் பிடித்தால்தான் மேலே நட் இறுகும். அதோடு வெள்ளவத்தைக் கடற்காற்று தின்றுவிட்ட நூல். கறள் பிடித்த போல்ட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்தே ஒரு பின்னேரம் போனது. இத்தனையும் செய்து, அக்சிலரேட்டர் கேபிளைக் காற்றாடிக் கூட்டின் குழாய்க்குள்ளால் கோர்த்து, பெற்றோல் குழாய் புதிது போட்டு (பழைய துணி சுற்றின குழாயை யாரும் திரும்பப் போடாதீர்கள், இந்தக் கார்கள் பல எரிந்து போவது அதனால்தான்), வயர் எல்லாம் பூட்டி, ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் பூ மாதிரி ஓடியது. கிளச்சை மிதித்தேன்.

அம்மியில் காய்ந்த மிளகாயை அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. காலை எடுத்தால் நிற்கிறது. மிதித்தால் அரைக்கிறது. ஐந்து நிமிடம்கூட ஓடவிடவில்லை, நிறுத்தினேன். மச்சான் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேரும் அந்த டைல்ஸில் அப்படியே இருந்தோம்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். பிழைத்தால் கொண்டு வா என்ற அதே மனிதர். “நீங்க பூட்டினது பிழையா இருக்கும்” என்றார். பழைய தட்டைக் காட்டினேன், வளையத்தைக் காட்டினேன், குழாய் இருக்கிற கியர்பொக்ஸுக்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். “பூட்டின சாமான் திருப்பி எடுக்கிறதில்ல” என்று பில்லின் அடியில் எழுதியிருந்ததைக் காட்டினார். பூட்டாமல் பிழையென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் இல்லை, அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு அது 18,500 ரூபாய். எனக்கு அது இன்னொரு முறை மூன்று அடி உயரம், இன்னொரு முறை அந்த ஒன்றரை மணித்தியாலம், மச்சானின் இன்னொரு லீவு நாள்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தனியார் வாகனம் கொண்டுவர விட்டார்கள். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தொட்டது. இந்த நாட்டில் பழைய காரை உயிரோடு வைத்திருப்பதை ஆசைக்காக மட்டும் செய்கிறோம் என்று நினைக்காதீர்கள். ஓட்டோக்காரரும் லொறிக்காரரும் டொக்டரும் எல்லாரும் அந்த மேசைக்கு முன்னால்தான் போய் நிற்கிறோம். அங்கே இருக்கிறவரின் ஒரு சொல்லை நம்பித்தான் ஒரு குடும்பத்தின் வண்டி ஓடுகிறது. அந்தச் சொல்லை இப்படி அலட்சியமாக வீசலாமா?

எல்லாக் கடையும் அப்படியில்லை, அதையும் சொல்ல வேண்டும். அதே வீதியில், இரண்டு திருப்பம் தள்ளி, வாசலில் பழைய ரேடியேட்டர் அடுக்கிய ஒரு ஒடுக்கமான கடை. வயதான ஒருவர். நான் வாயைத் திறக்குமுன் “என்ன வருஷம் மகன்?” என்று கேட்டார். 1969 என்றேன். கியர்பொக்ஸ் மாற்றியதா, பழசேதானா என்று கேட்டார். உள்ளே போய் இரண்டு தட்டை எடுத்துவந்து என்னுடைய பழைய தட்டின் இரண்டு பக்கமும் வைத்தார். வளையம் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. “பாத்து எடுங்க” என்றார். இவ்வளவுதான் நான் கேட்பது. பக்கத்தில் வைத்துக் காட்ட ஒரு நிமிடம்கூடப் போகவில்லை.

“ஏன் தம்பி கஷ்டப்படுறீங்க, ஒரு மெக்கானிக் பாஸிட்ட குடுத்தா ஒரே நாளில் முடிச்சிடுவாரே” என்கிற மேல்வீட்டு மாமாவுக்கும் இங்கேயே பதில். கொடுத்தோம் மாமா. பெரியப்பா காலத்தில் ஒரு கராஜில் கொடுத்துத்தான், எஞ்சினைச் சுற்றி இருக்கிற தகரத் துண்டு இரண்டும் விளிம்பு ரப்பரும் காணாமல் போனது. சும்மா அலங்காரம் என்று எறிந்துவிட்டார்களாம். காற்றில் குளிர்கிற எஞ்சினுக்கு அந்தத் தகரமும் ரப்பரும்தான் சுவர். மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று, இரண்டும் கலக்கக்கூடாது. சுவர் இல்லையென்றால் காற்றாடி தான் வெளியேற்றின சூட்டையே திரும்ப உறிஞ்சும். இந்த வருடத்து எஞ்சினில் ஒயில் கூலர் காற்றாடிக் கூட்டுக்குள்ளேயே நின்று மூன்றாம் சிலிண்டருக்குப் போகிற காற்றை மறிக்கிறது. அந்தச் சிலிண்டர் எப்போதும் மற்றதைவிடச் சூடு. பின்னேரம் ஐந்து மணிக்குக் காலிக்குப் போகிற வீதியில், பஸ்ஸுக்குப் பின்னால் அரை மணித்தியாலம் ஊர்ந்து பாருங்கள், அந்த ரப்பர் அலங்காரமா இல்லையா என்று தெரியும். அதைத் தேடிப் பிடித்துப் போடத்தான் எனக்கு ஏழு மாதம் சென்றது. அதனால்தான் நானே செய்கிறேன்.

நேற்றுப் போயா, பௌர்ணமி விடுமுறை. காலை ஆறு மணிக்கே எஞ்சினை இறக்கிவிட்டோம், மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று. தட்டை மாற்றி, அரைபட்ட பெயாரிங்கையும் மாற்றி, மறுபடி ஜாக், மறுபடி விரலால் நீக்கல் பார்த்தல். மூன்று மணிக்கு இடி தொடங்கியபோது எஞ்சின் உள்ளே இருந்தது. கிளச்சை மிதித்தேன். ஒரு சத்தமும் இல்லை.

அந்த வளையமில்லாத தட்டு போர்ட்டிக்கோ மூலையில் கிடக்கிறது. நல்ல தட்டு, அது ஒரு பிழையும் செய்யவில்லை. விரல் நுனி லேசாக மினுங்கியிருக்கிறது, அவ்வளவே. வெள்ளைப் பெயின்டால் அதன் மேல் “1971 மொடலில் இருந்து மட்டும்” என்று எழுதி வைத்திருக்கிறேன். கொழும்பில் யாரிடமாவது அந்த வருடத்து அல்லது பிந்திய பீட்டிலோ கியாவோ இருந்து, 200 மிமீ கிளச் தேவையென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். உங்கள் பழைய தட்டைக் கொண்டு வாருங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவேன்.