கவிழ்த்துப் பார்க்காமல் பரிசு கொடுக்காதீர்கள்

வாழ்த்துச் செய்திகள் ஓய்ந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. பரிசளிப்பு முடிந்து, முதல் பரிசு வாங்கிய மேசையை வண்டியில் ஏற்றக் கவிழ்த்தபோது சுற்றி நின்ற எல்லோரும் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கலைந்து போனோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நம் மர வேலைச் சங்கத்தின் ஆண்டுப் போட்டி இப்படித்தான் நடக்கும் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது அது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வராதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் பரிசு பெற்ற தேக்கு மேசையின் மேற்பலகை 900 மி.மீ. அகலம். இரண்டு முனைகளிலும் குறுக்காக முனைச்சட்டம், முழு நீளத்துக்கும் பசை வைத்து ஒட்டியிருக்கிறது. கீழே கால்களை இணைக்கும் சட்டத்தோடு மேற்பலகையைப் பசை போட்டு, ஸ்க்ரூவும் முடுக்கியிருக்கிறார்கள். துளைகள் எல்லாம் ஸ்க்ரூவின் பருமனுக்கு அளவெடுத்த வட்டத் துளைகள். மேலே பல பூச்சு வார்னிஷ். அடியில் ஒரு பூச்சுகூட இல்லை.

இதில் என்ன தப்பு என்று கேட்கும் புது உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அகலவாக்கில் அசையும். காற்றில் ஈரம் கூடினால் விரியும், குறைந்தால் சுருங்கும், எத்தனை பூச்சு பூசினாலும் வேகம் குறையுமே தவிர நிற்காது. தேக்கு மற்ற பல மரங்களைவிடக் குறைவாக அசையும் சாதி. அதிலேயே, தட்டையாக அறுத்த பலகை (மரத்தின் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குக் கிட்டத்தட்ட இணையாகப் படுத்திருப்பது) என்றால், மரத்தின் ஈரப்பதம் 1 சதவீதம் மாறும்போது அகலம் ஏறக்குறைய 0.2 சதவீதம் மாறும். ஈரக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே 4 சதவீத மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 மி.மீ. பலகையில் அது சுமார் 7 மி.மீ. வளையங்களுக்குக் குறுக்கே அறுத்த பலகையாக இருந்தால் அதில் பாதி. பாதி என்றாலும் 3 மி.மீ.க்கு மேல்.

இப்போது முனைச்சட்டத்துக்கு வாருங்கள். அதன் நீளம் மேற்பலகையின் அகலத்தோடு ஓடுகிறது. சட்டம் தன் நீளத்தில் அசையாது, பலகை தன் அகலத்தில் அசையும். இரண்டையும் முழுக்கப் பசையால் பூட்டிவிட்டால் வறண்ட காலத்தில் பலகைக்குச் சுருங்க இடமில்லை. முனையிலிருந்து உள்நோக்கி வெடிக்கும். ஈரக்காலத்தில் விரிய இடமில்லாமல் வளையும், அல்லது பசைக்கோடு விட்டுப்போகும். அடியில் வட்டத் துளையில் முடுக்கிய ஸ்க்ரூக்களும் இதே வேலையைத்தான் செய்யும். ஒரு பக்கம் மட்டும் பூச்சு இருப்பதால் மேலும் கீழும் வேறு வேறு வேகத்தில் ஈரம் ஏறி இறங்கும். குழிவு விழ அதுவே போதும்.

சரியான முறை ஒன்றும் ரகசியமில்லை. முனைச்சட்டத்தில் நீளமான பள்ளம், பலகை முனையில் அதற்குள் போகும் நாக்கு. நடுவில் சுமார் 100 மி.மீ.க்கு மட்டும் பசை. ஓரங்களில் மர ஆணி, நாக்கில் அந்த ஆணிக்கான துளை மட்டும் பக்கவாட்டில் நீட்டிய துளை. நடுவைப் பிடித்துவிட்டால் 7 மி.மீ. அசைவு இரண்டு பக்கமும் 3.5 ஆகப் பிரியும், ஆகவே ஆணியின் இரு பக்கமும் 4 மி.மீ.யாவது விட வேண்டும். அடியில் சட்டத்தின் உள்பக்கம் பள்ளம் போட்டு, அதில் உதடு நுழைகிற சிறு மரக்கட்டைகளை வைத்து மேற்பலகையில் முடுக்கினால் போதும். பலகை கீழே இறுக்கமாக இருக்கும், பக்கவாட்டில் நகரவும் முடியும். அரை நாள் வேலைகூட இல்லை.

இவ்வளவையும் கண்டுபிடிக்க நடுவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? கவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான். கவிழ்க்க முடியாவிட்டால் ஒரு டார்ச்சோடு கீழே குனிந்திருக்க வேண்டும்.

குனியவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பக்கத்து மேடையில் இருந்த ஐந்து இழுப்பறைப் பெட்டியைப் போய்ப் பார்த்தீர்களா? கொண்டுவரும்போது இழுப்பறைகள் திறந்துகொள்ளாமல் இருக்க ஒட்டிய காகித டேப், மாலையில் பரிசு அறிவித்த பிறகும் அப்படியே ஒட்டியிருந்தது. ஐந்திலும். ஒரு இழுப்பறைப் பெட்டிக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், ஒரு இழுப்பறையைக்கூடத் திறக்காமல்.

அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? செய்தவரைக் கேட்டுத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பலகை 20 மி.மீ., அதில் வெளியே தெரியாத புறாவால் இணைப்பு (புறாவின் வால் போல விரிந்த பற்கள் எதிர்ப் பலகையில் பூட்டிக்கொள்வது), முகத்தில் 5 மி.மீ. மட்டும் விட்டு வெட்டியது. பின்னால் முழுதும் தெரிகிற புறாவால். சரிவு 1:8, கடின மரத்துக்கு அதுதான் அளவு. வால்களுக்கு நடுவே ரம்பத் தகடு மட்டும் நுழையும் அளவுக்கு ஒல்லியான இடைவெளி, அதை இயந்திர அச்சு வைத்து வெட்ட முடியாது. அடிப்பலகை 6 மி.மீ. கெட்டி மரம், மரத்தின் ரேகை, அதாவது நீளவாக்கு, இடமிருந்து வலம். அதனால் அசைவு முன்னும் பின்னுமாகப் போகிறது, பக்கப் பலகைகளைத் தள்ளாது. பின்னால் நீள்துளையில் ஒரே ஒரு ஸ்க்ரூ, பசை இல்லை. இழுப்பறையின் உயரம் 150 மி.மீ. வறண்ட காலத்தில் செய்ததால் மேலே 1.5 மி.மீ. இடம் விட்டிருக்கிறார், ஈரக்காலத்தில் ஏறக்குறைய 1 மி.மீ. ஏறும் என்று கணக்குப் போட்டு. ஒன்றை மூடினால் உள்ளே அடைபட்ட காற்று பக்கத்து இழுப்பறையை மெல்ல வெளியே தள்ளுகிறது. அந்த அளவுக்குப் பொருத்தம்.

அந்தப் பெட்டிக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. “சாதாரணமாக இருக்கிறது” என்று ஒரு நடுவர் சொன்னதாகக் கேள்வி. மூடியிருக்கும்போது அது சாதாரணமாகத்தான் இருக்கும். அப்படி இருப்பதற்காகத்தான் அத்தனை வேலையும் உள்ளே மறைந்திருக்கிறது.

இனி வரப்போகிற பதில்களுக்கு.

பொறாமை என்பவர்களுக்கு: இந்த வருடம் நான் எதையும் வைக்கவில்லை. அந்தப் பெட்டி செய்தவரும் என்னை எழுதச் சொல்லவில்லை, எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார்.

“ஜெயித்தவரை ஏன் அவமானப்படுத்துகிறாய்?” அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மேசையின் பலகைப் பொருத்தம் அழகு. ரேகை பலகைக்குப் பலகை தொடர்ந்து ஓடுகிறது, ஒட்டிய கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கை தேர்ந்தவர். அவரிடம் யாராவது அந்த முனைச்சட்டத்தைப் பற்றி அன்றைக்கே சொல்லியிருந்தால் கழற்றித் திருத்தியிருப்பார். அதற்குப் பதிலாக மாலை போட்டு, அதே முறையில் அடுத்த மேசையும் செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். மேசை வெடிக்கும்போது யார் பதில் சொல்வது?

“நடுவர்கள் இலவசமாக வருகிறார்கள், நேரம் எங்கே?” 30 உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம், மூன்று மணி நேரம். காலையில் உரைகளுக்குப் போனதே அதைவிட அதிகம்.

“இயந்திர வேலைக்கு எதிரியா?” இல்லை. சிஎன்சியில், அதாவது கணினி ஓட்டும் வெட்டு இயந்திரத்தில், செய்தாலும் கையால் செய்தாலும் இணைப்பு இணைப்புதான். எது எதில் செய்தது என்று நுழைவுத் தாளில் எழுதச் சொல்லுங்கள், போதும்.

“அழகுதானே முதலில் கண்ணில் படும், அதற்குப் பரிசு கூடாதா?” இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அளவு விகிதம், கால்களின் ஒல்லி, ஓரத்தில் எடுத்த சரிவு, எல்லாம் கைவேலைதான். நன்றாக இணைத்த அசிங்கமான நாற்காலியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் பார்வையாளர் வாக்கு என்று ஒரு தனிப் பரிசு வையுங்கள், தோற்றத்துக்கு முழுக்க அதைக் கொடுங்கள். ஆனால் இப்போதைய மதிப்பெண் தாளில் மொத்தத் தோற்றம் 50, கற்பனை 30, பூச்சு 20. இணைப்புக்கு ஒரு கட்டம்கூட இல்லை. மர வேலைச் சங்கத்தின் தாளில்! மரத்தை மரத்தோடு சேர்ப்பதற்கு மதிப்பெண் இல்லை என்றால் நாம் எதற்கு உளி தீட்டிக்கொண்டிருக்கிறோம்? இணைப்புக்கு 35, மரத் தேர்வுக்கும் அசைவுக்கு இடம் விட்டதற்கும் 20, வடிவத்துக்கு 25, பூச்சுக்கு 20 என்று வையுங்கள்.

பார்க்கும் முறையையும் எழுதி வையுங்கள். எல்லாம் சின்னச் சோதனைகள். பெட்டி என்றால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுவது. இழுப்பறை என்றால் ஒரு ஓரத்தை மட்டும் பிடித்து இழுப்பது, கோணாமல் வந்தால் நல்ல வேலை. நாற்காலி என்றால் சமதளத்தில் வைத்து நான்கு மூலையிலும் மாறி மாறி அழுத்துவது. பூச்சு என்றால் டார்ச்சைப் பலகையோடு ஒட்டித் தாழ்வாகப் பிடிப்பது. ரேகைக்குக் குறுக்கே இழுத்த உப்புத்தாள் கீறலும், துடைக்காமல் விட்ட பசைத் திட்டும் அந்த வெளிச்சத்தில் தப்ப முடியாது. விரலால் உள் மூலையைத் தடவுவது. முன்பு நடுவராக வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதையெல்லாம் செய்வார். தரையில் மல்லாந்து படுத்து மேசைக்கு அடியில் பார்ப்பார். எழுந்து வந்து செய்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தக் கால் இணைப்பில் நாக்கின் தோள் சரியாக உட்காரவில்லை, பாத்தீங்களா தம்பி” என்று காட்டுவார். பரிசு கிடைக்காதவர்களும் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டு போனார்கள். அவரை அழைப்பதை நிறுத்தியபோது நாம் கேட்டிருக்க வேண்டும்.

“இது பொழுதுபோக்குச் சங்கம், இவ்வளவு தீவிரம் எதற்கு?” இதுதான் எனக்கு வலிக்கிற கேள்வி. விடுமுறை நாள் முழுக்க ஒரு வாலைச் செதுக்கிச் செதுக்கிப் பொருத்துகிறவருக்கு அது பொழுதுபோக்குதான், ஆனால் விளையாட்டு இல்லை. தன் வேலையைப் புரிந்த நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார். வெளியில் காட்டினால் “நல்லா இருக்கு” என்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்த நாமும் டேப்பைப் பிரிக்கவில்லை என்றால் அவர் அடுத்த வருடம் ஏன் வர வேண்டும்? வராமல் போனவர்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தோற்றதால் போனவர்கள் அதில் குறைவு.

பரிசைத் திரும்ப வாங்கச் சொல்லவில்லை, மறுமதிப்பீடும் கேட்கவில்லை. அடுத்த செயற்குழுவில் மதிப்பெண் தாளை மாற்றும் தீர்மானத்தை வைக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: இந்த வருடத் தாள்களைப் பொதுவில் போட வேண்டாம், அவரவர் தாளை அவரவரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் பரிசு வாங்கியவருக்குக் கொடுக்கும்போது அந்த முனைச்சட்டத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். பசையைச் சூடு காட்டி இளக்கிக் கழற்ற இன்னும் நேரம் இருக்கிறது.