சிரிப்புப் பாட்டு சின்ன வேலை இல்லை

"டிம் மின்சினா? அந்தக் காமெடிப் பாட்டுக்காரர்தானே?" போன வாரம் ஒரு நண்பர் இப்படிக் கேட்டார். அந்த ‘தானே’தான் எனக்கு உறுத்தியது. அப்போது பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

தெரியாதவர்களுக்காக: பிறந்தது 1975இல் இங்கிலாந்தில், வளர்ந்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில். மேடைக்கு வெறுங்காலோடு வருவார். கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, சீப்பு படாத செம்பட்டை முடி, முன்னால் ஒரு பெரிய பியானோ. ராக் காபரே என்று சொல்வார்கள். காபரே என்றதும் நமக்குப் பழைய சினிமாவின் கிளப் டான்ஸ்தான் நினைவுக்கு வரும். இது வேறு. 1881இல் பாரிஸில் தொடங்கிய ‘கறுப்புப் பூனை’ விடுதியிலிருந்து வரும் மரபு. சின்ன அரங்கு, பாட்டு, பாட்டுக்கு நடுவே பேச்சு, ஊரையும் சாமியையும் அரசையும் கிண்டல் செய்யும் உரிமை.

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் நாடகமும் படித்துவிட்டு, இருபதுகள் முழுக்க நாடகங்களுக்கு இசையமைப்பது, பேண்டில் வாசிப்பது என்றே கழித்தார். பியானோவில் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்ட கை. இசை நிறுவனங்களுக்கு இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. ஒரு பாட்டு அழ வைக்கும், அடுத்தது சிரிக்க வைக்கும். கடைசியில் சிரிப்புப் பாட்டுகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரு நிகழ்ச்சியாக மேடையேற்றினார். 2005இல் மெல்போர்ன் நகைச்சுவை விழாவில் விருது. அதே வருஷம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவில் சிறந்த புதுமுகத்துக்கான பெரியர் நகைச்சுவை விருது. வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று வந்தார் என்று எழுதுகிறவர்கள் அதற்கு முந்தைய பத்து வருஷத்தை எண்ணுவதே இல்லை.

சரி, நண்பருக்குச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ‘ப்ரெஜுடிஸ்’ என்று ஒரு பாட்டு. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஆறெழுத்துச் சொல் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. பாட்டு அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறது: இரண்டு ஜி, ஒரு ஆர், ஒரு இ, ஒரு ஐ, ஒரு என். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் அவர் வாயிலிருந்து வரும் சொல் ‘ஜிஞ்சர்’. செம்பட்டை முடிக்காரர்களைக் கேலி செய்யும் சொல், அதாவது அவரையே கேலி செய்யும் சொல். அதே ஆறு எழுத்து, இடம் மட்டும் மாறியிருக்கிறது. காளமேகத்தின் சிலேடையை ரசித்தவர்களுக்கு இந்த வித்தை புரியும். சிரித்து முடித்த பிறகுதான், ஒரு சொல்லை யார் சொல்லலாம், யார் சொல்லக்கூடாது என்ற கேள்வி வந்து உட்காரும்.

இந்தக் கைவேலை பெரிதாக வெளிப்பட்டது, ரோல்ட் டாலின் சிறுவர் நாவலை வைத்து வந்த ‘மாடில்டா’ இசை நாடகத்தில். அதற்குப் பல வருஷம் முன்பே, பெர்த்தில் ஓர் இளையோர் நாடகக் குழுவுக்காக அந்த நாவலை இசை நாடகமாக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார். மாதிரி இசை அனுப்பச் சொன்னதும் தயங்கி விட்டுவிட்டாராம். பிறகு இங்கிலாந்தின் பெரிய நாடகக் குழுவான ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியே அவரைத் தேடி வந்தது. 2010இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் அரங்கேற்றம், அடுத்த வருஷம் லண்டன், 2012இல் லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஒலிவியே ஏழு. அன்றைக்கு அது சாதனை.

விருதை விடுங்கள். அதில் பள்ளிக்கூடப் பாட்டு ஒன்று இருக்கிறது. முதல் நாள் வரும் குழந்தைகளைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பயமுறுத்துவார்கள். முதல் தடவை கேட்கும்போது வெறும் மிரட்டல்தான். அதே வரிகள் திரும்பி வரும்போது, வாசல் கதவில் எழுத்துக் கட்டைகள் ஒவ்வொன்றாகச் சொருகப்படும். அப்போதுதான் காது திறக்கும். ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை இருபத்தாறு எழுத்தின் ஒலியும் வரிசை மாறாமல் அந்த வரிகளுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது! ஆத்திசூடி படித்து வளர்ந்த நமக்கு அகரவரிசை புதிதில்லை. ஆனால் அதை ஒளித்து வைத்து, கதையையும் நகர்த்தி, குழந்தைகள் பாடும்படி எழுதுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். பத்து வருஷம் சிரிப்புப் பாட்டு எழுதிப் பழகிய கைக்குத்தான் இது வரும் என்று நான் நம்புகிறேன். சிரிப்பில் ஓர் அசை தவறினாலும் ஜோக் செத்துவிடும். அந்தக் கண்டிப்பில் பழகியவர் அவர்.

அவருடைய எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ‘ஸ்டார்ம்’ என்ற நீண்ட கவிதை, ஒரு விருந்தில் மாற்று மருத்துவத்தை நம்பும் ஒரு பெண்ணோடு நடக்கும் வாதம். மின்சின் பக்கம் நியாயம் இருக்கிறது, அறிவியலுக்காகப் பேசுகிறார். ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் பதில் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அது எனக்கு வலிக்கிறது.

அப்புறம் அவருடைய சறுக்கல். லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோய், ட்ரீம்வொர்க்ஸ் என்ற அனிமேஷன் நிறுவனத்துக்காக ‘லாரிகின்ஸ்’ என்ற அனிமேஷன் படத்தில் நான்கு வருஷம் உழைத்தார். நிறுவனம் கைமாறியது, 2017இல் படம் நிறுத்தப்பட்டது. நான்கு வருஷ உழைப்பு, மக்கள் பார்க்க ஒரு படம் இல்லை. அதே வருஷம் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் ஏறிய ‘கிரவுண்ட்ஹாக் டே’ இசை நாடகமும், லண்டனில் ஒலிவியே வாங்கியிருந்தும், சில மாதங்களில் இறங்கியது. அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா திரும்பினார். 2019இல் ஒரு பியானோவை சிட்னியிலிருந்து பெர்த் வரை இழுத்துப் போகும் மனிதனாக ‘அப்ரைட்’ தொடரில் நடித்தார். 2020இல் முதல் ஸ்டூடியோ ஆல்பம் வந்தது. அதில் சிரிப்பு குறைவு, விட்டுவந்த ஊரைப் பற்றிய பாட்டும் உண்டு. 45 வயதில் முதல் ஆல்பம்!

2013இல் தான் படித்த பல்கலைக்கழகத்தில் பேசும்போது, பெரிய கனவு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, கையில் இருக்கும் சின்ன வேலையை முழு மனதோடு செய்யுங்கள் என்றார். நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படம் நின்றபோது அவருக்கே அது எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

நண்பருக்கு ‘மாடில்டா’விலிருந்து ‘வென் ஐ க்ரோ அப்’ பாட்டை அனுப்பியிருக்கிறேன். குழந்தைகள் ஊஞ்சலாடிக்கொண்டே, பெரியவர்களான பிறகு என்னவெல்லாம் செய்வோம் என்று பாடுவார்கள்: மரக்கிளை எட்டும், தினமும் மிட்டாய் தின்னலாம். நடுவில் அவர்களுடைய டீச்சரும் சேர்ந்துகொள்வார். வளர்ந்த பெண். நான் பெரியவளானதும், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பூதங்களை எதிர்க்க எனக்குத் தைரியம் வந்துவிடும் என்று பாடுவார்.