ஆப்பிரிக்கா என்ன, ஊட்டிக்குப் பக்கத்திலா இருக்கிறது?

மூன்று மாதங்களாக என் மேசைமீது வழவழப்பான தாள் ஒன்று கிடக்கிறது. மேலே பனி மூடிய மலை, நடுவே பிடரி சிலிர்த்த சிங்கம், கீழே கடலோரத்தில் கைகோத்து நடக்கும் இருவர். அதற்கடியில் 'ஆப்பிரிக்கத் தேன்நிலவு: சாகசம், சஃபாரி, கடற்கரை, ஏழு இரவுகள், எட்டுப் பகல்கள், தலைக்கு 1,89,000 ரூபாய் முதல்' என்று பொன்னிற எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த 'முதல்' என்ற மூன்றெழுத்துச் சொல் என் நிம்மதியைக் கெடுத்த அளவுக்கு இரு வீட்டாரின் சீர்வரிசைப் பேச்சுகூடக் கெடுக்கவில்லை.

எங்கள் திருமணம் தை மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில் நடக்கவிருக்கிறது. மாசி பிறந்ததும், அதாவது பிப்ரவரி நடுவில், புறப்படுவதாகத் திட்டம். இருவருக்கும் அலுவலகத்தில் சேர்ந்தாற்போல் பத்து நாள்களுக்கு மேல் விடுப்புக் கிடைக்காது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் அந்தப் பயண முகவரின் எதிரில் உட்கார்ந்தோம். "ஒரே டிரிப்புல மூணையும் முடிச்சிடலாம் மேடம்" என்றார் அவர், வீட்டுவரி கட்டி முடிப்பதைப் போல. எந்த நாடு என்று கேட்டேன். ஆப்பிரிக்கா என்றார். ஆப்பிரிக்காவில் எந்த நாடு என்று நான்காவது முறை கேட்டபோதுதான் தான்சானியா என்ற பெயர் வெளியே வந்தது. இந்தியாவைப் போல ஒன்பது மடங்கு பரப்புள்ள ஒரு கண்டத்தை, காலையில் தொட்டபெட்டா, மதியம் முதுமலை, மாலையில் மெரினா என்பதுபோல் விற்கிறார்களே என்ற என் கோபம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

தான்சானியா என்ற தேர்வில் எனக்குக் குறையில்லை. கிளிமஞ்சாரோ மலை, செரங்கெட்டிச் சமவெளி, ஸன்சிபார் தீவு ஆகிய மூன்றும் ஒரே நாட்டில், ஒரே விசாவில் அமைவது உண்மையிலேயே வசதிதான். ஆனால், ஒரே நாட்டில் இருக்கிறது என்பதும் அருகருகே இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது. நடுவில் எங்காவது இறங்கி, காத்திருந்து, மாறித்தான் போக வேண்டும். மலையடிவார ஊரான மோஷியிலிருந்து அரூஷா வழியாகச் செரங்கெட்டியின் நடுப்பகுதியான செரொனேராவுக்குச் சாலையில் போனால் ஒரு முழுப் பகல் கழிந்துவிடும். அதிலும் ஙொரொங்கொரோ வனவிலங்குக் காப்பகத்தின் நுழைவாயிலைத் தாண்டிய பிறகு தார்ச்சாலை முடிந்து, எலும்பை எண்ணிப் பார்க்கும் மண்சாலை தொடங்கிவிடும். நானும் என் வருங்காலக் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முகவர் கொடுத்த திட்டத்தில் விமானம், விமான நிலையக் காத்திருப்பு, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும் சாலைப் பயணம் ஆகியவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தோம். விலங்குகளைத் தேடிச் சுற்றும் நேரத்தைச் சேர்க்காமலேயே 55 மணி நேரம் வந்தது. திருமணக் களைப்போடு புறப்படும் இருவர், தேன்நிலவில் இரண்டு நாள்களுக்கும் மேலாக இருக்கைப் பட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் சாகசம் என்றால், அதைச் சென்னைப் புறவழிச்சாலையிலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

அந்தச் சாகசத்தைப் பற்றிச் சொன்னால் வயிறு எரிகிறது. இரண்டாம் நாளுக்கு நேராகக் 'கிளிமஞ்சாரோ மலையேற்றம்' என்று எழுதியிருந்தார்கள். 5,895 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் ஏறி இறங்க மிகக் குறைந்தது ஐந்து நாள்கள் வேண்டும். உயரத்துக்கு உடல் பழக வேண்டுமானால் ஏழு நாள்களாவது ஒதுக்குங்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரே பகலில் எப்படி முடியும் என்று கேட்டதற்கு, "மலையேற்றம்னுதான மேடம் போட்டிருக்கோம், உச்சி வரைக்கும்னு போடலையே" என்று பதில் வந்தது. அதாவது, மராங்கு வாயிலில் தொடங்கி, சுமார் 2,700 மீட்டர் உயரத்திலுள்ள மந்தாரா குடில் வரை மழைக்காட்டுக்குள் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அது நல்ல நடை என்பதில் ஐயமில்லை; அதை அப்படியே சொல்லி விற்றால் நானே ஆசையாக வாங்கியிருப்பேன். தாளில் பனிச் சிகரத்தைக் காட்டிவிட்டு மரத்தடிக்குக் கூட்டிப்போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் விடாமல் கேட்டதில் எரிச்சலடைந்து, "அப்ப அஞ்சு நாள் மராங்கு பேக்கேஜ் எடுத்துக்கோங்க, குடில்லயே தங்கலாம், ரொமான்டிக்கா இருக்கும்" என்றார். அந்த வழியிலுள்ள குடில்களில் இரயில் பெட்டியைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில்கள்தான் உண்டு. மேலே உள்ள கீபோ குடிலில், முன்பின் தெரியாத மலையேறிகளோடு ஒரே அறையில் குளிரில் முடங்கி, நள்ளிரவில் எழுந்து, தலைவலியோடும் குமட்டலோடும் சிகரத்தை நோக்கி நடக்க வேண்டியிருக்கும். எந்த அகராதியின்படி இது ரொமான்டிக் என்று அவரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

இதைவிடப் பெரிய பொய் நான்காம் நாளில் இருந்தது. 'மாரா ஆற்றை லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்கள் கடக்கும் அரிய காட்சி' என்று, முதலை வாயைப் பிளந்து நிற்கும் படத்தோடு போட்டிருந்தார்கள். மாட்டைப் போல உடல்வாகு கொண்ட அந்த மான்கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பது ஏறத்தாழ ஜூலையிலிருந்து அக்டோபர் வரையில்தான், அதுவும் செரங்கெட்டியின் வடகோடியில். பிப்ரவரியில் அவை தெற்கே, ந்துட்டு பக்கத்திலுள்ள குட்டைப்புல் வெளிகளில் கன்று ஈன்றுகொண்டிருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்து சத்தேறிய அந்த மண்ணின் புல்லுக்காகவே அவை அங்கே வருகின்றன. பிறந்த சில நிமிடங்களில் எழுந்து தாயின் பின்னால் ஓடத் தொடங்கும் கன்றுகளும், அவற்றுக்காகக் காத்திருக்கும் சிவிங்கிப்புலிகளும் கழுதைப்புலிகளுமாக, அது ஆற்றைக் கடக்கும் காட்சிக்குச் சற்றும் குறையாத காட்சி. எங்கள் தை முகூர்த்தத்துக்கு அது தானாகவே வாய்த்த பேறு. அந்த முகவருக்கோ ந்துட்டு என்ற ஊர்ப்பெயரே தெரியவில்லை. எல்லோருக்கும் விற்கும் அதே திட்டத்தில் தேதியை மட்டும் மாற்றி, வெறும் ஆற்றங்கரையைப் பார்க்க எங்களை வடக்கே அனுப்பத் துணிந்திருக்கிறார்.

நம் வீடுகளில் திருமணத் தேதியைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது. அந்தச் சமவெளியின் பஞ்சாங்கத்தை மழை தீர்மானிக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை அங்கே மஸிகா என்னும் நீண்ட மழைக்காலம். பங்குனி, சித்திரையில் மணம் முடித்துப் போகிறவர்கள் சேற்றில் புதைந்த வண்டியைத் தள்ளுவதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். வறண்ட காலமான ஆடியில் நாம் திருமணமே செய்வதில்லை. ஆவணிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், ஆற்றைக் கடக்கும் காட்சி அவர்களுக்குத்தான். ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடக்கூடிய இந்தக் கணக்கை, திருமணச் சுற்றுலாவே தொழிலாக வைத்திருக்கும் ஒருவர் எங்களுக்குச் சொல்லவில்லை. இரவு விழித்து நானே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இனி அந்த 'முதல்' கதைக்கு வருகிறேன். பூங்காக் கட்டணம் தனி என்பது தாளின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததைப் போன்ற எழுத்தில் இருந்தது. செரங்கெட்டிக்குள் இருக்க ஓர் ஆளுக்கு 24 மணி நேரத்துக்கு வரியோடு ஏறத்தாழ 82 டாலர். உள்ளே தங்கினால் அதற்கும் தனியாக ஓர் இரவுக் கட்டணம். ஙொரொங்கொரோ காப்பகத்துக்குத் தலைக்கு ஏறத்தாழ 70 டாலர். நின்று எதையும் பார்க்காமல் செரங்கெட்டிக்குப் போகும் வழியில் அதைக் கடந்து சென்றாலும் கட்டியே ஆக வேண்டும். சுமார் 600 மீட்டர் ஆழமுள்ள அந்த எரிமலைப் பெரும்பள்ளத்துக்குள் வண்டி இறங்குவதற்கு ஒரு முறைக்கு 295 டாலர். ஆறு பேர் ஒரே வண்டியில் போனால் அது பங்காகிவிடும். தேன்நிலவுக்கு யார் ஆறு பேராகப் போவார்கள்? விலங்குகளைக் காக்கும் நாடு கட்டணம் வாங்குவதில் எனக்குச் சண்டையில்லை. அதை முதல் பக்கத்தில் எழுதாமல், நான் முன்பணம் கட்டிய பிறகு, "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்" என்று தலையைச் சொறிந்தவரோடுதான் சண்டை. விசாக் கட்டணம் 50 டாலர், ஸன்சிபாருக்கு 2024 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட 44 டாலர் காப்பீடு, வண்டியோட்டிக்கும் சமையல்காரருக்கும் தர வேண்டிய அன்பளிப்பு, இங்கேயே பிடித்துக்கொள்ளும் டி.சி.எஸ். வரி ஆகியவை ஒவ்வொன்றாக, வாரத்துக்கு ஒன்று என்ற முறையில், தொலைக்காட்சித் தொடரைப் போல வெளிவந்தன. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அடிஸ் அபாபா வழியாகவோ நைரோபி வழியாகவோ திரும்பினால் இந்தியாவில் அந்தச் சான்றிதழைக் கேட்கலாம். விமான நிலையத்தை விட்டு வெளியேறாதவர்களுக்கு விலக்கு உண்டென்றாலும் அது அதிகாரியின் முடிவைப் பொறுத்தது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், தாலி கட்டும் வாரத்தில் நினைவு வந்து பயனில்லை.

காட்டிலிருந்து தீவுக்குப் போவது பன்னிரண்டு பேர் உட்காரும் சிறு விமானத்தில். அதில் ஓர் ஆளுக்குக் கைப்பையும் சேர்த்துப் பதினைந்து கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில்தான் என்ற செய்தியை நான் அம்மாவிடம் சொன்ன மாலை, கூடத்தில் புத்தம் புதிய பெரிய பெட்டி ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நான்கு சக்கரம், எண் பூட்டு, பாறை போன்ற உடம்பு. மாமா வாங்கித் தந்த சீர். காலிப் பெட்டியே நான்கு கிலோவுக்கு மேல். அதில் அம்மா இரண்டு பட்டுப்புடவைகளையும், நான்கு நாளுக்கான முறுக்கையும், ஊறுகாய் பாட்டிலையும் மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி அடுக்கியிருந்தார். 2019 ஜூன் முதல் அந்த நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்று நான் சொன்னதும், "அப்படி என்னடி அது, ஊறுகாய்கூடக் கொண்டுபோக முடியாத ஊரு?" என்று கேட்டுவிட்டு, முறுக்கை மட்டும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றத் தொடங்கினார். அந்த டப்பாவின் எடையை நான் சொல்லவில்லை. என் வருங்காலக் கணவரின் நண்பர்கள் எங்கள் இருவர் பெயரையும் அச்சிட்டுக் கொடுத்த கருநீலச் சட்டைகளையும் எடுத்து வெளியே வைத்தேன். கருநீலத்தையும் கறுப்பையும் கண்டால், அங்கே ஆளைக் கடிக்கும் ட்செட்சி ஈக்கள் மொய்க்கும் என்பதால்தான் அவற்றைப் பிடிக்கும் பொறிகளையே அந்த நிறத் துணியில் செய்து மரங்களில் தொங்கவிடுகிறார்கள். இத்தனையையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க முகவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கடற்கரைக் கதையும் இப்படித்தான். 'கடலைத் தொட்டுக்கொண்டே அறை' என்று ஸன்சிபாரின் கிழக்குக் கரையில், பாஜே ஊரில் இரண்டு இரவுகள் போட்டிருந்தார். அந்தக் கரையில் நீர் வற்றும்போது கடல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பின்வாங்கிவிடும். அந்த ஈர மணலில் பெண்கள் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்க்கிறார்கள். பார்க்க அழகான வாழ்க்கை அது, நடந்து பார்க்கவும் ஆசைதான். ஆனால், இரண்டே இரண்டு பகல்கள் கையில் வைத்திருக்கும் ஒருவர், நீந்தலாம் என்று துண்டோடு வெளியே வரும்போது கடல் அங்கே இல்லாமல் போகலாம் என்பதை முன்பே சொல்ல வேண்டாமா? நீர் அவ்வளவாகப் பின்வாங்காத கரை வேண்டுமென்றால் வடக்கே நுங்வி, கெண்ட்வா பக்கம் தங்க வேண்டும். இதைச் சொன்னதற்கு, "அலை எல்லா ஊர்லயும் வரும், போகும் மேடம்" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

மூன்றையும் ஒரே வாரத்தில் திணிக்காதீர்கள், மலையை விட்டுவிடுங்கள். ந்துட்டுவில் இரண்டு இரவுகள், ஙொரொங்கொரோ விளிம்பில் ஓர் இரவு, மிச்சம் நான்கு இரவுகளும் தீவில் என்று நாங்களே வரைந்த திட்டத்தைப் போன வாரம் அவருக்கு அனுப்பினோம். எதிலும் சாகசம் இல்லையே என்று யாரும் அழப்போவதில்லை, மண்சாலையே அதற்குப் போதும் என்றும் எழுதியிருந்தேன்.

இன்று காலை திருத்திய திட்டம் வந்தது. சொன்னபடியே கிளிமஞ்சாரோவை நீக்கியிருக்கிறார். அந்த இரண்டாம் நாளுக்கு நேராக, 'விக்டோரியா நீர்வீழ்ச்சி, அரை நாள் சுற்றுலா' என்று இருக்கிறது. அது ஸாம்பியாவுக்கும் ஸிம்பாப்வேக்கும் நடுவில், அரூஷாவிலிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தொலைவில் விழுகிறது. தலைக்கு 2,35,000 ரூபாய் முதல்.