ஜிகினாவாம்!

தர்மபுரி பேருந்து நிலையத்தில் டீ குடிக்கும்போதெல்லாம் நண்பன் இதையே ஆரம்பிக்கிறான்: புரோக்ரசிவ் ராக், அதாவது நீளமாக, சிக்கலாகப் பின்னிய ராக் இசை, வெறும் ஜிகினா, கிட்ச் (மலிவான பகட்டு), உள்ளே சரக்கில்லை. பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வகை வாசித்த ஆங்கிலேய இசைக்குழு பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' பாட்டையே எடுத்துக்கொள்வோம், 1971. இருபத்து மூன்று நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அது ஒன்றுதான். தொடக்கத்தில் பியானோவின் ஒற்றைச் சுரம், சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக, ஆழக் கிணற்றில் சொட்டு விழுந்த மாதிரி கேட்கும். அந்தச் சொட்டை நம்பித்தான் மீதி எல்லாம் எழும்பும். கிட்ச் என்பது உடனே கண்ணைக் கசக்க வைப்பது. இது பொறுத்திருக்கச் சொல்கிறது. சரி, இதே வகை இசையின் கீபோர்டு கலைஞர் கீத் எமர்சன் மேடையில் ஆர்கனில் கத்தியைச் செருகியது கொஞ்சம் அதிகம்தான். அதற்காக மொத்தத்தையும் குப்பையில் போடுவதா? நாலு நிமிடம்கூடக் கேட்காமல் கிருஷ்ணகிரி பஸ் ஏறிவிடுகிறான்.