தேனீ விஷத்தைக் காதில் விடுவதற்கு முன்

நாய்களின் காதுச் சீழுக்குத் தேனீ விஷம் நல்ல மருந்து என்று உங்கள் கட்டுரையில் படித்ததும் மனசு பதறியது. விஷத்தில் இருக்கும் மெலிட்டின் என்ற பொருள் கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். உலர்ந்த விஷத்தில் ஏறத்தாழப் பாதி அதுதான். ஆனால் கிருமியின் சவ்வைத் துளைப்பது போலவே அது ரத்தச் சிவப்பணுவையும் உடைக்கும். ஆய்வகத் தட்டில் கிருமி செத்துவிட்டது என்பதற்காகப் புண்ணான காதுக்குள் அதை விட முடியுமா?

எங்கள் லாப்ரடாருக்குப் போன மழைக்காலத்தில் இதே தொல்லை. ஓயாமல் தலையை உதறுவாள். காதைத் தூக்கினால் புளித்த மாவு வாடை, உள்ளே காப்பித்தூள் மாதிரி பழுப்பு அழுக்கு. யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் விட்டு நான்கு நாளை வீணாக்கினேன். பாவம், அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

டாக்டர் பஞ்சுக் குச்சியில் அழுக்கை எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மலசீசியா என்ற ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சை. பாக்டீரியாவாக இருந்தால் மருந்தே வேறாம். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்றும் பார்த்தார். நாயின் காதுக்குழல் 'ட' எழுத்து போலக் கீழே இறங்கி உள்ளே மடங்குவதால், நாம் எட்டிப் பார்த்தால் செவிப்பறை தெரியாது. செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் உள்ளே போய்க் காது கேட்பதையே கெடுத்துவிடும்.

அப்புறம் ஒவ்வாமை. ஒரு தேனீ கொட்டினாலே சில நாய்களுக்கு முகம் வீங்கும், மூச்சுத் திணறும். இதைக் கட்டுரையில் ஒரு வரியாவது தயவுசெய்து சேருங்கள்.