சோர்வு நோய்க்கு எலி வைரஸ் காரணமா?

"நாள்பட்ட சோர்வு நோய்க்குக் காரணம் எக்ஸ்எம்ஆர்வி வைரஸ், 'சயின்ஸ்' இதழே சொல்லிவிட்டது" என்ற தகவல் இன்னமும் சுற்றுகிறது. எக்ஸ்எம்ஆர்வி என்பது எலி வைரஸ்களின் வகையைச் சேர்ந்தது; 'சயின்ஸ்' ஓர் அறிவியல் ஆய்விதழ். பாதிதான் உண்மை. 2009-இல் வந்த கட்டுரை, 101 நோயாளிகளில் 68 பேரின் ரத்தத்தில் அது இருந்ததாகச் சொன்னது. 2011 டிசம்பரில் அதே இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பகிர்கிறவர்கள் இதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

சரி, வைரஸ் எங்கிருந்து வந்தது? 1990-களில் மனித புராஸ்டேட் கட்டியை ஆய்வக எலிகளில் வளர்த்தபோது, இரண்டு எலி வைரஸ்களின் துண்டுகள் இணைந்து உருவானது. அப்புறம் ஆய்வக மாதிரிகளில் கலந்துவிட்டது. 2012-இல் 147 நோயாளிகள், 146 ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை, எது யாருடையது என்று மறைத்துச் சோதித்தார்கள். முதல் கட்டுரைக் குழுவினரும் அதில் இருந்தார்கள். ஒருவரிடமும் அதன் மரபணு சிக்கவில்லை.

நோய் நிஜம்தான். ஆனால் வைரஸ் கதையை நம்பி, எக்ஸ்எம்ஆர்வியும் ஹெச்ஐவியும் ஒரே வகை வைரஸ்கள் என்பதால், ஹெச்ஐவி மருந்து விழுங்கியவர்களும் உண்டு.